பெயரும் நிலமும் புதைந்த குழாயும்

பொறுமைக்கு உவமை கூறப் புகுந்த சான்றோர் யாவரும் நிலத்தையே முதலில் நினைந்தனர். தன்னை வெட்டுவாரையும் உழுவாரையும் வேறுபாடின்றிச் சுமக்கும் இயல்பினது என்று அதனைப் போற்றினர். அப்பொறுமையில் நம்பிக்கை வைத்தே மனிதன் மதில்களை எழுப்பினான். பொருளையும் பொன்னையும் அதனுட் புதைத்தான். சென்ற இரு நூற்றாண்டுகளில் அவன் வேறொரு பொருளையும் நிலத்தின் காவலில் ஒப்படைத்தான். அஃது எரியும் வாயுவைச் சுமந்து செல்லும் குழாய். தெருவின் கீழே, கண்ணுக்குப் புலப்படாது, ஒரு நகரின் அடுப்புக்கும் விளக்குக்கும் ஆலைக்கும் உயிரூட்டிக்கொண்டு அது கிடக்கின்றது. நிலம் நிலையாக நிற்கும்வரை அதன் இருப்பை எவரும் எண்ணுவதில்லை. நிலம் பெயரும் நாளிலோ, ஊர் முழுவதும் அதனை ஒருங்கே நினைக்க நேர்கின்றது.

அத்தகைய நாட்கள் சிலவற்றின் வரலாற்றை ஆராயின் ஓர் உண்மை தெளிவாகும். குழாய்கள் முறிந்தமைக்கு இரும்பின் குறை ஒரு காரணமாயினும், நிலத்தின் பழைய வரலாற்றை மனிதர் மறந்தமையும் அதற்கு ஒப்பான காரணமாயிற்று என்பதே அவ்வுண்மை.

குழாய் மண்ணுட் புகுந்த வரலாறு

சீனத்துச் செச்சுவான் நாட்டில் உப்புக் காய்ச்சுவோர் நிலத்தினின்று எழும் இயற்கை வாயுவை மூங்கிற் குழல்வழிக் கொணர்ந்து அடுப்பெரித்தனர் என்பர். எனினும், நகரமொன்றின் தெருக்களை அகழ்ந்து வாயுக்குழாய் பதிக்கும் வழக்கம் ஐரோப்பாவிலே தோன்றியது. 1812ஆம் ஆண்டில் இலண்டனில் இதற்கெனக் கூட்டுக் கம்பனியொன்று அரச பட்டயம் பெற்றது. நிலக்கரியை வாட்டிப் பெற்ற வாயுவே அக்காலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. 1817இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத் தெருக்களில் அவ்வொளி பரவியது. 1821இல் நியூயோர்க் மாநிலத்துப் பிரெடோனியா என்னும் சிற்றூரில் நிலத்தினின்று வெளிப்பட்ட இயற்கை வாயுவே குழாய்வழிக் கொண்டுசெல்லப்பட்டது. 1854இல் சான்பிரான்சிஸ்கோவும் வாயுவிளக்கேற்றியது.

அக்காலக் குழாய்கள் வார்ப்பிரும்பினாலானவை. ஒரு குழாயின் அகன்ற வாயினுள் மற்றொன்றின் முனையைச் செருகி, இடைவெளியைச் சணலாலும் உருகிய ஈயத்தாலும் அடைப்பர். வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். வளைத்தாலோ இழுத்தாலோ கண்ணாடிபோல் உடையும். ஈயமூட்டும் சிறிதளவு அசைவையே பொறுக்கும். நிலம் அசையாது என்ற எண்ணத்தின்மேலேயே இவ்வமைப்பு முழுவதும் எழுந்தது எனல் தகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருக்குக் குழாயும் காய்ச்சியிணைக்கும் கலையும் வந்தன. முதலில் ஒட்சிசனும் அசற்றலீனும் கலந்தெரியும் சுவாலையாலும், பின்னர் மின்வில்லாலும் குழாய்முனைகள் ஒன்றாக்கப்பட்டன. இதனால், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஊற்றுக்களிலிருந்து உயர்ந்த அமுக்கத்தில் இயற்கை வாயுவைக் கொணர்தல் இயல்வதாயிற்று. நன்மை பெருகியது போலவே அபாயமும் பெருகியது. விளக்குக்கு வாயு கொணர்ந்த பழைய குழாய் உடைந்தால் ஒரு தெரு இருளும். உயரமுக்கக் குழாய் உடைந்தால் ஒரு தெரு எரியும்.

சான்பிரான்சிஸ்கோ, 1906

1849ஆம் ஆண்டுப் பொன்வேட்டையினால் விரைந்தெழுந்த நகரம் சான்பிரான்சிஸ்கோ. மக்கள் பெருகவே நிலம் போதாதாயிற்று. கரையோரத்துக் குடாவை மணலாலும் குப்பையாலும், கைவிடப்பட்ட மரக்கலங்களாலுங்கூட நிரப்பினர். நகருக்குள் ஓடிய ஓடைகளையும் சதுப்புகளையும் தூர்த்துத் தெருக்களாக்கினர். அரை நூற்றாண்டு கழிந்தபின், எத்தெரு பாறைமீது நின்றது, எத்தெரு பழைய சேற்றின்மீது நின்றது என்பதை அங்கு நடந்தோர் எண்ணிப் பார்த்திலர்.

1906 ஏப்பிரில் 18ஆம் நாள் காலை 5 மணி 12 நிமிடத்தில் பூமி அதிர்ந்தது. சான் அந்திரேயாசு எனப்படும் பாறைப் பிளவு ஏறக்குறைய 300 மைல் நீளத்திற்கு நழுவியது. சிலவிடங்களில் அதன் இரு கரைகளும் 20 அடி வரை ஒன்றையொன்று கடந்து சென்றன. கட்டடங்கள் பல வீழ்ந்தன. ஆயினும் நகரை அழித்தது அதிர்ச்சியன்று. அதனைத் தொடர்ந்து மூன்று நாட்கள் எரிந்த நெருப்பேயாம். இடிந்த அடுப்புக்களும் கவிழ்ந்த விளக்குக்களும் முறிந்த வாயுக்குழாய்களும் பலவிடங்களில் தீ மூட்டின. தீயணைப்போர் தம் குழாய்களைத் தெருவிலிருந்த நீர்வாய்களிற் பொருத்தியபோது பல வாய்களிலிருந்து நீர் வரவில்லை. நீர்க்குழாய்களும் அதே நிலத்தில் அதே நொடியில் முறிந்திருந்தன. தீயணைப்புப் படையின் தலைவர் டென்னிஸ் சலிவன் அதிர்ச்சியின்போதே இடிபாட்டில் அகப்பட்டு நான்கு நாட்களின்பின் உயிர்நீத்தார். ஏறக்குறைய 28,000 கட்டடங்கள் அழிந்தன. நான்கு இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். இறந்தோர் 3,000 பேருக்கு மேலாவர் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கணித்தனர்.

ஈண்டு வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது, குழாய்கள் முறிந்த இடங்களின் ஒழுங்காகும். நகரெங்கும் பூமி அதிர்ந்தது. ஆயினும் குழாய்கள் எங்கும் ஒருபடித்தாக முறியவில்லை. பாறைமீதும் இறுகிய நிலத்திலும் பதித்தவை பெரும்பாலும் பிழைத்தன. தூர்த்த குடாவிலும் மூடிய ஓடைகளிலும் பதித்தவை கூட்டங்கூட்டமாக உடைந்தன. வலென்சியா வீதியில், முன்னொரு காலத்தில் சதுப்பாயிருந்த இடத்தில், நிலம் சில அடிகள் பக்கமாகப் பெயர்ந்தது. அங்கு நான்கு மாடி விடுதியொன்று நிலத்துள் அமிழ்ந்து சரிந்தது. அவ்வீதியிற் சென்ற பெரிய நீர்க்குழாய்களும் முறிந்தன.

நகருக்கு வெளியே மற்றொரு பாடம் கிடைத்தது. பிலாசித்தோசு ஏரியிலிருந்து நீர் கொணர்ந்த 30 அங்குல இரும்புக் குழாய் அப்பெரும் பிளவை ஒட்டியே சென்று அதனைப் பலமுறை குறுக்கே கடந்தது. அதிர்ச்சியின்பின் அதனைத் தோண்டிப் பார்த்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். சிலவிடங்களில் குழாய் இரண்டாக இழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தது. வேறு சிலவிடங்களில் ஒரு துண்டு மற்றொன்றினுட் புகுந்து நசுங்கிக் கிடந்தது. ஒரே குழாய், ஒரே அதிர்ச்சி, எனினும் முறிவின் வகை இரண்டு. குழாய் பிளவை எக்கோணத்தில் கடந்தது என்பதே அவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

புவியியற் பேராசிரியர் அந்துரு லோசன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1908இல் தன் பேரறிக்கையை வெளியிட்டது. நகரின் எப்பகுதி எவ்வளவு வன்மையாக அதிர்ந்தது என்பதைக் காட்டும் படமும் அதிலுண்டு. பழைய சதுப்புகளின் படத்தையும் அதனையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேறு விளக்கம் வேண்டா. 1910இல் அவ்வறிக்கையின் இரண்டாம் தொகுதியில் ஹரி பீல்டிங் ரீட் என்பார், பாறைகள் நீண்டகாலம் வளைந்து நின்று பின்னர் திடீரென நழுவி நிமிர்வதே பூமியதிர்ச்சி என்னும் கொள்கையை நிறுவினார். நகரத்தாரும் வாளாவிருந்திலர். தீயணைப்புக்கென்றே தனியான உயரமுக்க நீர்க்குழாய்களையும் தெருக்களின் கீழ் நீர்த்தொட்டிகளையும் அமைத்தனர். ஆனால் தூர்த்த நிலத்தை மீண்டும் தூர்த்து வீடு கட்டுதலை அவர் விட்டாரில்லை.

அதன் பயன் 1989 ஒக்டோபர் 17ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று மாலை லோமா பிரீயெற்றா மலையருகே தோன்றிய அதிர்ச்சி, சான்பிரான்சிஸ்கோவின் மரீனாப் பகுதியைக் குலைத்தது. அப்பகுதி குடாவைத் தூர்த்துப் பெற்றது. 1906இன் இடிபாடுகளும் அந்நிரப்பிற் கலந்திருந்தன. ஓரழிவின் சிதைவே மற்றோரழிவுக்கு அடித்தளமாயிற்று. நீர்க்குழாய்களும் வாயுக்குழாய்களும் அங்கு நெருங்க முறிந்தன. எழுந்த தீயை அணைக்கக் குடாவிலிருந்து தீயணைப்புப் படகொன்று கடல்நீரை இறைத்துக் கொடுக்க நேர்ந்தது. அப்பகுதியின் பழைய வாயுக்குழாய்த் தொகுதி பின்னர் முழுவதுமே மாற்றப்பட்டு, வளைந்து கொடுக்கும் பொலிஎதிலீன் குழாய்கள் இடப்பட்டன.

நிலம் குழாயை முறிக்கும் முறை

பூமியதிர்ச்சி நிலத்தினுட் கிடக்கும் குழாயை இரு வழிகளில் தாக்கும். ஒன்று, அலையாகக் கடந்து செல்லும் நடுக்கம். மற்றொன்று, நடுக்கம் நின்றபின்னும் மீளாது எஞ்சும் நிலப்பெயர்ச்சி. முன்னையது அஞ்சத்தக்கதுபோலத் தோன்றினும் நல்ல குழாய்க்குப் பெருந்தீங்கு செய்வதன்று. அலைமீது தெப்பம் ஏறியிறங்குமாப்போலக் குழாயும் மண்ணோடு கூடியே அசையும். தென் கலிபோர்ணியாவில் 1933 முதல் 1994 வரை நிகழ்ந்த பெரிய அதிர்ச்சிகள் பதினொன்றை ஆராய்ந்த பொறியியலார் ஒரு முடிவுக்கு வந்தனர். பிற்கால மின்வில் முறையிற் செவ்வனே காய்ச்சியிணைத்து, துருவேறாது பேணப்பட்ட உருக்குக் குழாய் நடுக்கத்தால் மாத்திரம் உடைந்ததில்லை என்பதே அம்முடிவாகும்.

பின்னையதே கொடியது. நிலம் பெயரும் வகை பலவாகும். பாறைப் பிளவு நழுவிப் பெயரும். மலைச்சரிவு வழுக்கிப் பெயரும். நீர் செறிந்த மணல் அதிர்ச்சியாற் குழம்பாகி, மிகச் சிறிய சாய்விலும் மேலுள்ள நிலத்தைச் சுமந்துகொண்டு நகரும். 1964இல் யப்பானின் நீகாதா நகரில் மாடிவீடுகள் சேற்றிற் சாய்ந்த பெட்டிகள்போல உருக்குலையாது சரிந்தமை இம்மூன்றாம் வகையை உலகறியச் செய்தது.

ஒரு தெருவின் ஒரு பகுதி மாத்திரம் கீழ்நோக்கி நகர்கின்றது எனக் கொள்வோம். அதனுட் புதைந்த குழாயை மண் தன் உராய்வினால் இறுகப் பற்றிக்கொண்டு உடனிழுத்துச் செல்லும். நகரும் பகுதியின் தலைப்பில் நிலம் பிரிகின்றது. ஆங்குக் குழாய் இழுபடும். அதன் அடியில் நிலம் நெருக்குண்கின்றது. ஆங்குக் குழாய் நசுக்கப்படும். நல்ல உருக்கு இழுவையைப் பெரிதும் பொறுக்கும். அறுமுன் வெகுவாக நீளும். ஆனால் நெருக்கத்தை அவ்வாறு பொறாது. கயிற்றை இழுப்பார்க்கு அது உதவும்; ஓலைக்குழலை இருமுனையும் பற்றி அமுக்குவார்க்கு அது நெளிந்து மடிவதே காண்பர். சுவர் மெல்லிதாகவும் வாய் அகன்றதாகவும் உள்ள குழாய் விரைவில் நெளியும். நெளிந்தவிடத்திலேயே மேலும் நெருக்கம் சேர்ந்து சுவர் கிழியும்.

மூட்டின் தரமும் இங்கு தலையாயது. மூட்டு குழாயினும் வலிதாயின் நீட்சி குழாய் முழுவதும் பரவும். மூட்டு மெலிதாயின் நீட்சி முழுவதும் அவ்வொரு விரலிடையிலே குவியும். பழைய சுவாலை முறையில் இணைத்த மூட்டுக்கள் பல இத்தகைய மெலிவுடையன. ஆதலின் அவை நிலப்பெயர்ச்சி இல்லாத இடங்களிலும் வெறும் நடுக்கத்தாலேயே உடைந்ததுண்டு.

அறிவு வளர்ந்த வழி

1971 பெப்புருவரி 9ஆம் நாள் காலை, லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கேயுள்ள சான் பேர்ணாந்தோப் பள்ளத்தாக்கு அதிர்ந்தது. மருத்துவமனைகள் இடிந்தன. வான் நோர்மன் கீழணையின் உட்சரிவு வழுக்கி வீழ, அணை உடையும் என அஞ்சி 80,000 மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். பிளவு நிலமட்டத்திற்கு வந்து தெருக்களைக் கிழித்த இடங்களில் வாயுக்குழாயும் நீர்க்குழாயும் சாக்கடைக் குழாயும் முறிந்தன. கண்ணுக்குச் சமதரைபோலத் தோன்றிய மென்சரிவொன்றும் அங்கு நெடுந்தூரம் நகர்ந்து, தன்னைக் கடந்து சென்ற குழாய்களைச் சிதைத்தது. சமதரை என்பதனாலேயே ஓரிடம் அச்சமற்றதாகாது என்பது அன்று நிறுவப்பட்டது.

1975இல் நேதன் நியூமார்க்கும் வில்லியம் ஹோலும் பெரும் பிளவுப் பெயர்ச்சியைத் தாங்குமாறு குழாயை அமைக்கும் முறைபற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அவர்தம் கருத்தின் சாரம் இது: பெயரும் நிலத்தை எதிர்த்து நிற்கக் குழாயால் இயலாது, ஆதலின் அது உடையாது நீளுமாறு இடங்கொடுத்தலே அறிவு. குழாய் இழுபடுமாறு பிளவைக் கடக்கும் கோணத்தைத் தெரிதல் வேண்டும். கடக்குமிடத்தின் இருபுறமும் வளைவுகளோ வால்வுகளோ இன்றி நெடுந்தூரம் நேரே செல்லுதல் வேண்டும். இறுகிய களியில் ஆழப் புதைக்காது, தளர்ந்த மணல் நிரப்பிய அகழியில் ஆழமின்றிக் கிடத்தல் வேண்டும்.

இவ்விருவரின் ஆலோசனை அலாஸ்காவைக் குறுக்கே கடக்கும் 48 அங்குல எண்ணெய்க் குழாய்க்கும் கிடைத்தது. அது வாயுக்குழாயன்று, எனினும் அதன் வரலாறு இங்கு விடத்தக்கதன்று. குழாய் தெனாலி என்னும் பிளவைக் கடக்கும் இடத்தைப் புவியியலார் முன்னரே ஆராய்ந்து, பிளவு எவ்வளவு பெயரக்கூடும் என மதிப்பிட்டனர். அம்மதிப்பின்படி பொறியியலார் அங்கு குழாயைப் புதையாது, நீண்ட விட்டங்களின்மேல் வழுக்கி நகருமாறு வளைத்து வைத்தனர். 1977இல் குழாய் முற்றுப்பெற்றது. கால் நூற்றாண்டு கழிந்து, 2002 நவம்பர் 3ஆம் நாள் பேரதிர்ச்சியொன்றில் அப்பிளவு ஏறக்குறைய 14 அடி நழுவியது. குழாய் தன் விட்டங்களின்மேல் நகர்ந்து நின்றது. ஒரு துளி எண்ணெயும் சிந்தவில்லை. நிலத்தை முதலில் அறிந்து பின்னர்க் குழாயை இட்டமையின் பயன் அது.

பல்போவா வீதி, 1994

ஆயினும் புதிய அறிவு பிறக்குமுன்னரே புதைக்கப்பட்ட குழாய்கள் புதைந்தே கிடந்தன. 1994 சனவரி 17ஆம் நாள் அதிகாலை 4 மணி 31 நிமிடத்தில் நோர்திரிட்ச் அதிர்ச்சி நிகழ்ந்தது. அதே பள்ளத்தாக்கின் வடபால், கிரனடா ஹில்ஸ் பகுதியிலுள்ள பல்போவா வீதியின் கீழ் 1930இல் இட்ட 22 அங்குல இயற்கை வாயுக்குழாயொன்று சென்றது. அதன் அருகே நகருக்கு நீர் கொணரும் பெருங்குழாய்களும் சென்றன. வேறு வாயு, எண்ணெய்க் குழாய்களும் அவ்வீதியின் கீழ் உடன் கிடந்தன.

அதிர்ச்சியால் அவ்வீதியின் ஒரு பகுதி ஏறக்குறைய அரை மீற்றர் தெற்கே நகர்ந்தது. நகர்ந்த பகுதியின் தலைப்பில் வீதி விரிந்து வெடித்தது; ஏறக்குறைய 300 மீற்றருக்கு அப்பால், அதன் அடியில் வீதி நெருங்கி உயர்ந்தது. பழைய வாயுக்குழாய் இரண்டு இடங்களில் உடைந்தது: விரிந்தவிடத்தில் இழுத்தறுந்தது, நெருங்கியவிடத்தில் நெளிந்து கிழிந்தது. 1906இல் பிலாசித்தோசுக் குழாயிற் கண்ட இரு முறிவுகளும் எண்பத்தெட்டு ஆண்டுகளின்பின் ஒரே தெருவில் மீண்டும் தோன்றின. நீர்க்குழாய்களும் அவ்வாறே முறிய, வீதி வெள்ளமாயிற்று. வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை ஓட்டுநர் மீண்டும் இயக்க முயன்றபோது எழுந்த பொறி, பரவி நின்ற வாயுவைப் பற்றியது. நீரின் நடுவே நெருப்புத் தூணாக எழுந்தது. ஐந்து வீடுகள் எரிந்தழிந்தன.

அன்று உலகச் செய்தித்தாள்கள் அக்காட்சியின் படத்தை வெளியிட்டன. ஆனால் படத்திற் புலப்படாத செய்தி அதனினும் பெரிது. அதே வீதியின் கீழ், அதே பெயர்ச்சிக்கு ஆளாகிய பிற்காலக் குழாய்கள் உடையவில்லை. அவை வலிய உருக்கினாலும் நல்ல மூட்டினாலும் ஆனவை. நிலம் பழையதையும் புதியதையும் ஒருங்கே தள்ளியது. பழையது மாத்திரமே முறிந்தது. வாயுக்குழாய் எதுவும் நிலப்பெயர்ச்சியைத் தாங்காது என்று கூறி மனம் தளர்வார்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அந்நாளின் இன்னொரு செய்தி மக்களின் நடத்தை பற்றியது. ஏறத்தாழ 150,000 வீடுகளில் வாயு நின்றது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் வாயுவை நிறுத்தியோர் வீட்டினரே. குழாய் உடைந்ததனால் நின்றவை சிலவே. அச்சத்தால் மூடியது எளிது. மூடிய ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்றோர் வீடுவீடாகச் சென்று ஆய்ந்து மீளத் திறத்தல் பலநாள் வேலையாயிற்று. எப்பொழுது மூடுவது என்பதை முன்னரே கற்பித்தலும் குழாய்க் காவலின் ஒரு பகுதி என அன்று உணரப்பட்டது.

கோபே, 1995

சரியாக ஓராண்டு கழிந்த அதே சனவரி 17ஆம் நாள், 1995இல், காலை 5 மணி 46 நிமிடத்தில் யப்பானின் கோபே நகர் அதிர்ந்தது. 6,434 உயிர்கள் அழிந்தன. நகாதா முதலிய பகுதிகளில் மரவீடுகள் தெருத்தெருவாக எரிந்தன. நீர்க்குழாய்கள் முறிந்தமையால் தீயணைப்போர் கையறு நிலையில் நின்றனர். உடைந்த வீடுகளில் வாயு கசிந்திருக்க, மின்சாரம் மீளவந்தபோது எழுந்த பொறிகளாலும் புதிய தீக்கள் மூண்டன.

எவ்வட்டாரத்தில் வாயுவை நிறுத்துவது என்பதே அன்றைய பெருஞ்சிக்கல். நிறுத்தாவிடின் தீ, நிறுத்தினால் உடையாத குழாயுடையோரும் குளிர்காலத்தில் அடுப்பின்றி வருந்துவர். செய்தித் தொடர்பு குலைந்திருந்தமையால் சேதத்தை அறிந்து முடிவெடுக்கப் பல மணி நேரம் கழிந்தது. இறுதியில் 8 இலட்சத்து 57 ஆயிரம் வீடுகள்வரை வாயு நிறுத்தப்பட்டது. அதனை மீட்டளித்தலோ அதனினும் அரிதாயிற்று. உடைந்த குழாய்களுள் நீரும் மண்ணும் புகுந்திருந்தன. அவற்றைத் தெருத்தெருவாக வெளியேற்ற நேர்ந்தது. யப்பானெங்குமிருந்து தொழிலாளர் வந்து உழைத்தும், ஏப்பிரில் 11ஆம் நாளே பணி நிறைவெய்தியது. மூன்று மாதங்களுக்குச் சிறிது குறைந்த காலம் ஒரு பெருநகரின் பகுதிகள் வாயுவின்றி இருந்தன.

குழாய்களைத் தோண்டி நோக்கியபோது பழைய பாடமே தெளிந்தது. திருகி மூட்டிய பழைய சிறு உருக்குக் குழாய்களே பெரிதும் முறிந்திருந்தன. காய்ச்சியிணைத்த உயரமுக்கப் பெருங்குழாய்கள் நிலைத்தன. பொலிஎதிலீன் குழாய்கள் நிலத்தோடு வளைந்து கொடுத்துச் சேதமின்றிக் கிடந்தன. இதன்பின் யப்பானில் அதிர்ச்சியை அளக்கும் கருவிகள் நகரெங்கும் செறிய நிறுவப்பட்டன. குறித்த அளவினும் மிக்க அதிர்ச்சியை உணர்ந்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வாயுமானிகள் வீடுகளில் எங்கும் பரவின. 2011 பெப்புருவரி 22ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் நிலம் பரந்தளவிற் குழம்பாகி, நீர்க்குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் பெருஞ்சேதமுற்றபோது, பொலிஎதிலீனாலான வாயுக்குழாய்கள் ஊறின்றி நின்றமை இக்கருத்தை உறுதிசெய்தது.

எஞ்சிய பாடம்

இவற்றைக் கேட்போர், பழைய குழாயை அகற்றிப் புதியது இட்டாற் குறை தீர்ந்தது என எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தையும் வரலாறு மறுக்கின்றது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து மார்ஷல் மாவட்டத்தில், 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு 36 அங்குல வாயுக்குழாய் இயங்கத் தொடங்கியது. புதிய உருக்கு, புதிய மூட்டு. அவ்வாண்டு யூன் 7ஆம் நாள், பூமியதிர்ச்சி யாதுமின்றி, மலைச்சரிவு நழுவியதனால் அது வெடித்தெரிந்தது. நல்வினைப்பயனாக அருகே மனிதர் இலர். இத்தகைய நிகழ்ச்சிகளின்பின், 2019 மே மாதத்தில், குழாய்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமெரிக்க அரச திணைக்களம் நிலப்பெயர்ச்சியைக் கண்காணிக்குமாறு குழாயுடையோர் யாவருக்கும் அறிவுறுத்தல் விடுத்தது.

பல்போவா வீதி குழாயின் வலிமை வேண்டுமென்று கற்பித்தது. மார்ஷல் மாவட்டத்துச் சரிவு, நிலத்தை அறியாத வலிமை போதாதென்று கற்பித்தது. தெனாலிப் பிளவு இரண்டும் கூடிய இடத்தில் விளையும் பயனைக் காட்டியது. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஐயம் எழாது.

தூர்த்த ஓடைகளின் பழைய படங்கள், கைவிடப்பட்ட சதுப்புகளின் பெயர்கள், மூதாட்டியர் நினைவிலிருக்கும் சரிவுகளின் செய்திகள் ஆகியவை பழங்கதை விரும்புவோர்க்கே உரியன எனப் பலர் கருதுவர். 1906இல் வலென்சியா வீதியில் இறந்தோர் அவ்வாறு கருதுதலின் விலையைத் தம் உயிராற் செலுத்தினர். வரலாறு கற்பவன் பழைய படத்தை விரித்துக் காட்டுதலும், பொறியியல் கற்பவன் அப்படத்தின்மீது தன் கோட்டை வரைதலும் ஒரே பணியின் இரு பகுதிகளாம். நிலம் தன் பழைய உருவை மறப்பதில்லை. அதன்மேல் வாழ்வோர் மறவாதிருத்தலே அதன் பொறுமைக்குச் செய்யும் கைம்மாறு.